‘ரிஃபார்ம்ட் ஈஜிப்ஷியன்’: சீர்திருத்தமா, திரிபா, மரூஉவா?

அனைவருக்கும் வணக்கம். மோர்மன் சபையாரின் வேதமான மோர்மன் நூல், தன் மூல உலோகத் தகடுகள் ‘ரிஃபார்ம்ட் ஈஜிப்ஷியன்’ என்ற எழுத்தில் எழுதப்பட்டவை என்கிறது. அதற்கு நம் பதிவில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. ஒருவர் சொன்னது இது:

> ‘சீர்திருத்த எகிப்தியம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான், ஐயா. ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது. நேற்று என் அண்ணியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “எந்த ராஜா திருத்தினான்?” என்று உடனே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1978 அரசாணையில் ணை, லை, னை எழுத்துகளின் பழைய துதிக்கை வடிவம் போனதைப் பார்த்தவர்கள் நாம். ‘எழுத்துச் சீர்திருத்தம்’ என்றாலே யாரோ யோசித்து, முடிவெடுத்து, ஆணை போட்டுச் செய்த வேலை என்றுதான் நமக்குப் படும்.

மூலத்தில் இருப்பது அதுவல்ல. 1830-இல் மோர்மன் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மோர்மன் நூலில், ‘மோர்மன்’ என்ற பகுதியின் 9-ஆம் அதிகாரத்தில் 32, 33-ஆம் வசனங்களைப் பாருங்கள். இந்த எழுத்துகள் முன்னோரிடமிருந்து கைமாறி வந்தவை, எங்கள் பேச்சு வழக்குக்கு ஏற்ப எங்களால் மாற்றப்பட்டவை என்கிறார் அந்தப் பகுதியை எழுதியவராக நூல் சொல்லும் மொரோனி. தகடுகள் போதிய அளவு பெரிதாக இருந்திருந்தால் எபிரேயத்திலேயே எழுதியிருப்போம், அந்த எபிரேயமும் எங்களிடம் மாறிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆணையும் இல்லை, திருத்தமும் இல்லை. வாய்வழக்கு எழுத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

‘திரிந்த எகிப்தியம்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். இலக்கணத்தில் திரிதல் குறையே இல்லாத சொல். ஆனால் வீட்டில் திரிவது பால். ‘திரித்துச் சொன்னான்’ என்றால் பொய் சொன்னான் என்று பொருள். அப்படி ஓர் எழுத்து இருந்ததாக எகிப்தியவியல் அறிஞர்கள் ஏற்பதில்லை. மோர்மன் சபையாருக்கோ அது வேதத்தின் எழுத்து. இப்படி வழக்கு நடக்கும் இடத்தில் கலைச்சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அதனால் என் பரிந்துரை ‘மருவிய எகிப்தியம்’. தஞ்சாவூர் தஞ்சை ஆனதை மரூஉ என்கிறோம். அதில் பழியும் இல்லை, பாராட்டும் இல்லை. ‘எங்கள் பேச்சு வழக்குக்கு ஏற்ப’ என்ற மூலத்தின் சொற்களுக்கு இதைவிட நெருக்கமாக வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மரூஉ சொல்லுக்குத்தானே, எழுத்து வடிவத்துக்கு எப்படி என்று கேட்கலாம். கொஞ்சம் நீட்டித்தான் ஆள்கிறேன். அந்த நீட்சி தாங்கும் என்றே நினைக்கிறேன்.

இதில் உண்மையான சிக்கல் வேறு. எகிப்திய எழுத்தே மருவிய எழுத்துதான். ஹைரேட்டிக், டெமோட்டிக் எல்லாம் சித்திர எழுத்து கைவேகத்தில் சுருங்கி வந்த வடிவங்கள். அவற்றுக்குப் பாப்பிரஸ் சுருளும் கல்வெட்டும் சான்றாக உண்டு. இதற்கோ மூலத் தகடுகள் ஆய்வாளர் பார்க்கக் கிடைக்கவில்லை. கையில் இருப்பது ஏழு வரி எழுத்துகளைப் படியெடுத்த ஒரு தாள் மட்டுமே. 1828-இல் ஸ்மித்தின் ஆதரவாளர் மார்ட்டின் ஹாரிஸ் இப்படிப் படியெடுத்த எழுத்துகளை நியூயார்க்கில் பேராசிரியர் சார்லஸ் ஆன்தனிடம் கொண்டுபோனார். அவர் சரியென்று சான்று தந்தார் என்பது ஹாரிஸ் தரப்பு. கிரேக்க, எபிரேய எழுத்துகளும் தலைகீழான ரோமன் எழுத்துகளும் கலந்த ஏமாற்று என்பது ஆன்தன் 1834-இல் எழுதிய கடிதம். ஆகவே பதிவின் முதல் வரியிலேயே ‘மோர்மன் நூல் குறிப்பிடும்’ என்ற சொற்கள் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ஜோசப் ஸ்மித் தகடுகளிலிருந்து நூலை ஆக்கியதற்கு ‘மொழிபெயர்ப்பு’ வேண்டாம், ‘அருள்பெயர்ப்பு’ என்போம் என்ற யோசனை. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. தகடுகள் லினன் துணியில் சுற்றியபடி மேசைமேல் கிடக்கும் என்று ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா ஸ்மித் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கணவர் தொப்பிக்குள் கல்லை வைத்து, அதில் முகம் புதைத்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர் அவர். மூலத்தைப் பார்க்காமலே சொல்வதை மொழிபெயர்ப்பு என்பதா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஜோசப் ஸ்மித்தின் இன்னொரு நூலான ஆபிரகாம் நூலுக்கு வரும்போது அந்தச் சொல் காலை வாரிவிடும். 1835-இல் வாங்கிய பாப்பிரஸ் சுருள்களின் மொழிபெயர்ப்பு என்றுதான் அது 1842-இல் அச்சானது. தீயில் போய்விட்டதாக நம்பப்பட்ட சுருள்களில் 11 துண்டுகளை 1967-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சபைக்குத் திருப்பித் தந்தது. படித்துப் பார்த்தால், ஹோர் என்ற பூசாரிக்காக எழுதிய ‘சுவாச நூல்’ உள்ளிட்ட ஈமச்சடங்கு வாசகங்கள். துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்று சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. இங்கே ‘அருள்பெயர்ப்பு’ என்று போட்டால், பொருந்துகிறதா என்ற கேள்வியே எழாமல் போய்விடும். மொழிபெயர்ப்பு என்று சொன்னவர் ஜோசப் ஸ்மித். சர்ச்சை முழுக்க நிற்பதும் அந்தச் சொல்மேல்தான். அதை நாம் எடுத்துவிடக் கூடாது.

என் வரைவு இது: ‘மருவிய எகிப்தியம்: மோர்மன் நூல் குறிப்பிடும் எழுத்து, தன் மூலத் தகடுகள் இதில் எழுதப்பட்டவை என்கிறது அந்நூல், வேறு தொல்லியல் சான்று இல்லை.’

‘மருவெகிப்தியம்’ என்று ஒட்டி எழுதலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் அம்மா, படிக்கும்போது நாக்கு இடறுகிறது.