போக்கிமான் கோல்டு: பேட்டரி மாற்றித் தருபவர் உண்டா?

நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் கலரில் செருகி விளையாடும் போக்கிமான் கோல்டு கேட்ரிஜைத் தோ பாயோவில் ஒருவரிடம் 25 வெள்ளிக்கு வாங்கினேன். விளையாட்டு ஓடுகிறது, அணைத்ததும் சேமித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. முனைகளை ஆல்கஹாலில் துடைத்தாயிற்று, வேறு கருவியில் போட்டும் பார்த்தாயிற்று. 3.8 மில்லிமீட்டர் திருப்புளியால் திறந்தேன்: உள்ளே மின்சுற்றுப் பலகையில் நிண்டெண்டோ பெயர் இருக்கிறது, போலி இல்லை என்றே தெரிகிறது. சேமித்ததைக் காத்து வைக்கும், 3 வோல்ட் காட்ட வேண்டிய சிஆர்2025 பேட்டரியில் 1 வோல்ட்கூட இல்லை. அதை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்த வேலை எனக்குக் கை வராது. கேட்ட கடைகளில் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படாமல் இருந்தால் அங்கே யாராவது அகப்பட்டிருப்பார்!

இணையத்தில் இன்னொன்று வாங்கலாம்தான். விலை அதிகம், அனுப்பும் செலவு, 9% ஜிஎஸ்டி வேறு. அதிலும் இதே வயதுப் பேட்டரியாக இருந்தால்?

சிங்கப்பூரில் இதை நியாயமான கூலிக்கு மாற்றித் தருபவர் யார்?