மாத்திரையில் விஷம் என்கிறார், இரவெல்லாம் நடக்கிறார்: என்ன செய்வது?

கேள்வி: புதுநர்ஸ்

பொது வார்டிலிருந்து மனநல வார்டுக்கு மாறி வந்திருக்கிறேன். ட்ரிப்ஸ், டிரெஸ்ஸிங் எல்லாம் கைக்குப் பழகியவை. இங்கே பேச்சே பாதி வேலை என்பதால் தடுமாறுகிறேன்.

மனச்சிதைவு நோயுள்ள ஒரு அம்மா (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தின் அளவைக் கூட்டிய சில நாட்களில், மாத்திரையில் விஷம் கலக்கிறோம் என்று சொல்லிக் கையைத் தட்டிவிட ஆரம்பித்தார். இரவு முழுக்க வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. உட்காரச் சொன்னால் கோபம் வருகிறது. ‘அஜிடேட்டட்’ (பதற்றமாக இருக்கிறார்) என்று எழுதிக் கூடுதலாக அதே மருந்தில் ஊசி போடுகிறார்கள். அப்புறமும் நடை நிற்கவில்லை.

‘விஷம் இல்லைம்மா’ என்றால் நம்புவதில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியாது. பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடு என்கிறார் கூட வேலை செய்பவர் ஒருவர். மூத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: இரவு டூட்டி அக்கா

தங்கச்சி, நீ கேட்டது வாயைப் பற்றி. நான் முதலில் காலைப் பற்றிக் கேட்கிறேன். அந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போது கால் சும்மா இருக்கிறதா? நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறாரா?

மருந்தளவு கூடிய பிறகு வந்த நடை என்று நீயே எழுதியிருக்கிறாய். மருந்தால் சும்மா இருக்க முடியாமல் போகும் இந்தத் தவிப்பை அகதீசியா என்று படித்திருப்பாய். பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். மனநோய் மருந்துகள், அதிலும் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகை, உடம்புக்குள் ஓர் உந்துதலைக் கிளப்பிவிடும். உட்கார முடியாது, படுக்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோலத் தெரியும். அதே மருந்தை ஊசியாகப் போட்டால் இன்னும் ஏறும், இன்னும் நடப்பார், நாம் இன்னொரு தரம் ‘அஜிடேட்டட்’ என்று எழுதுவோம். இந்த வட்டத்தை வெட்டக்கூடியவர் பெரும்பாலும் இரவில் கூட இருக்கும் நர்ஸ்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் அந்த அம்மா களைத்துப் படுத்திருப்பார்.

1989இல் வந்த பார்ன்ஸ் அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. உட்கார வைத்துக் குறைந்தது 2 நிமிடம், நிற்க வைத்து 2 நிமிடம், சும்மா பேசிக்கொண்டே கவனிக்க வேண்டும். அப்புறம் நேராகக் கேள்: “உள்ளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கா? நடந்தால் கொஞ்சம் தேவலையா?” ஆமாம் என்றால் உடனே டாக்டரிடம் சொல். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, நாடித்துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மருந்தைச் சேர்ப்பதா என்பது அவர் முடிவு. சேர்த்தால் கொடுப்பதற்கு முன் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார். ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் கொடுக்காதே. காய்ச்சலும், உடம்பு விறைப்பும், குழப்பமும் சேர்ந்து வந்தால் கதையே வேறு. அது அவசரம், அடுத்த டோஸை நிறுத்தி வைத்து உடனே டாக்டரைக் கூப்பிடு.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். விஷம் என்பது பிரமையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் உடம்பு படும் பாட்டுக்கு அவர் வைத்த பெயராகவும் இருக்கலாமே! அதனால் வாதம் பண்ணாதே, ஒத்தும் போகாதே. “உங்களுக்குப் பயமாக இருக்கு என்று தெரிகிறது. நான் இதில் எதுவும் கலக்கவில்லை. இதைச் சாப்பிட்டால் உடம்பில் என்ன ஆகிறது, சொல்லுங்கள்” என்று கேள். பதில் வரும்வரை காத்திரு. பிரிக்காத மாத்திரைப் பட்டையை அவர் கண்ணெதிரே பிரித்துக் கொடு, பெயரைப் படிக்க விடு. விஷம் வைப்பது யார் என்று நினைக்கிறார், அந்த ஆளை என்ன செய்ய நினைக்கிறார் என்றும் கேட்டுவிடு. சாகத் தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அகதீசியாவில் தவிப்பவர்களுக்கு அந்த எண்ணம் வருவதுண்டு என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

சாப்பாட்டில் கலக்கிற யோசனையை மறந்துவிடு. விஷம் கலக்கிறார்கள் என்று பயப்படுகிறவருக்குத் தெரியாமல் மருந்தைக் கலந்து, அது ஒருநாள் தெரிந்துவிட்டால்? அவர் சொன்னது அன்றைக்கு உண்மையாகிவிடும். ஒரு நர்ஸ் தன்னிஷ்டத்துக்கு எடுக்கிற முடிவும் இல்லை அது.

பதில்: வார்டுக்காரன்

அக்கா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். நடக்கிறவர் எல்லோருக்கும் அகதீசியா என்று முடிவு கட்டிவிட முடியாது. மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று, சிறுநீர் அடைத்திருக்கிறதா, எங்காவது வலியா, குடியைத் திடீரென்று நிறுத்தியவரா என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். மனநோயாளி வயிறு வலிக்கிறது என்றால் அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவது நம் வார்டுகளின் பழைய வியாதி. அப்புறம், வார்டு நிறைய ஆட்கள், ஒரே நர்ஸ். உட்கார்ந்து பேச நேரம் எங்கே?

பதில்: இரவு டூட்டி அக்கா

உடம்பைப் பார் என்றது சரிதான் தம்பி, நான் அதை விட்டுவிட்டேன். நேரம் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். மாத்திரைக்காக மல்லுக்கட்டும் நேரத்தில் கால்வாசி போதும், இதைக் கேட்டுவிடலாம்.

பதில்: கட்டிலில் இருந்தவன்

நான் நர்ஸ் இல்லை, அந்த மாத்திரையைச் சாப்பிட்டவன். பதற்றம் என்றுதான் என்னைப் பற்றியும் எழுதினார்கள். மனதில் எனக்குப் பதற்றமே இல்லை. தோலுக்குள் எறும்பு விட்டதுபோல இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ‘நடந்தால் தேவலையா’ என்று ஒருவர் கேட்ட பிறகுதான் சொல்ல வந்தது. ‘உட்கார்’ என்ற சொல்லை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். கூட நாலு எட்டு நடந்துகொண்டே பேசுங்கள்.

கேள்வி: புதுநர்ஸ்

ரொம்ப நன்றி. கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது? அகதீசியா என்று நான் எழுதலாமா?

பதில்: இரவு டூட்டி அக்கா

பெயர் வைப்பதை டாக்டருக்கு விடு. பார்த்ததை எழுது: “இரவு 11 முதல் 3 வரை தொடர்ந்து நடந்தார். 2 நிமிடம் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தபோது இரு கால்களும் அசைந்தன. உள்ளே தள்ளுகிறது, நடந்தால் குறைகிறது என்றார். தற்கொலை எண்ணம் இல்லை என்றார்.” மருந்தளவு கூடிய தேதியையும் பக்கத்தில் குறித்துவிடு, படிக்கிறவருக்குத் தானே விளங்கும். ‘அகதீசியாவா என்று பார்க்கவும்’ என்று வாயால் சொல்லத் தயங்காதே.

மருந்தை மாற்றினாலும் மறுநாளே நின்றுவிடாது. அதுவரை அவ்வளவு நடக்கிறவருக்குத் தண்ணீர் அடிக்கடி கொடு, பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார். வெறுங்காலோடு நடந்தால் செருப்புக்கு ஏற்பாடு செய்.