குசனாகியா, டியூனனா: வாசிகசாலையில் எதைத் திரையிடலாம்?

திருநெல்வேலி வாசகர்:
உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்கு எங்கள் வாசிகசாலையில் ஓர் அனிமேஷன் படம் காட்ட விரும்புகிறோம். மமொரு ஒஷீ 1995இல் இயக்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’, ஷின்ஜி அரமகி 2004இல் இயக்கிய ‘அப்பிள்சீட்’ ஆகிய இரண்டும் கைவசம் உள்ளன. இரண்டுமே மசமுனே ஷிரோவின் மங்காக்களிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதைகளிலிருந்து) பிறந்தவை; இரண்டிலும் அச்சமூட்டும் எதிர்காலம், ஆயுதம் ஏந்திய நாயகி. ஆயினும் முதற்படத்தின் மொடோகோ குசனாகி மனத்தில் தங்குமளவுக்கு இரண்டாவதன் டியூனன் நியூட் தங்கவில்லை. குறை கதையிலா, படமாக்கிய முறையிலா?

கொக்குவில் இரசிகர்:
இரண்டிலுந்தான். ‘அப்பிள்சீட்’டில் நடிகர்களின் அசைவுகளைக் கணினியில் பதிந்து, அவற்றுக்குக் கையால் வரைந்ததைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்திருக்கிறார்கள், உடல்கள் பாய்ந்து சுழல்கின்றன, முகங்களோ விறைத்துப்போய் நிற்கின்றன. போதாததற்கு, ஒலிம்பஸ் நகரின் மக்களில் பாதிப்பேர் பயோரொயிட் எனப்படும் செயற்கை மனிதர்கள் என்பதையும் அவர்களின் இனப்பெருக்கம் தடுக்கப்பட்டிருப்பதையும் பாத்திரங்களே நின்று விளக்குகின்றன.

ஒஷீ விளக்குவதில்லை, காட்டுகிறார். குப்பை வண்டித் தொழிலாளி ஒருவர் தம் மகள் என்று சகதொழிலாளியிடம் நீட்டிய புகைப்படத்தில் மகளே இல்லை. மனைவி, பிள்ளை பற்றிய நினைவுகள் யாவும் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று விசாரணையில் அறிந்ததும் அந்த மனிதர் இடிந்துபோகிறார். மூளையின் ஒரு பகுதி தவிர முழுவதும் செயற்கை உடலான குசனாகி கண்ணாடிக்கு அப்பால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் நினைவுகளுக்கு மட்டும் என்ன உத்தரவாதம் என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. பின்னர் எதிரியின் போர்த் தாங்கியின் மூடியைத் திறக்க முயல்கையில் மூடி அசையவில்லை, அவருடைய கைகள்தான் பிய்ந்துபோகின்றன. நாயகியின் பலம் தோற்கும் இடத்தை இவ்வளவு துணிவாகக் காட்டிய சண்டைப் படங்கள் அரிது.

சுன்னாகத்தான்:
கொக்குவில் அன்பர் டியூனனுக்கு அநியாயம் செய்கிறார். உலகப் போர் ஓய்ந்துவிட்டது என்பதே தெரியாமல் இடிபாடுகளுக்குள் போரிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணாகத்தான் அவர் அறிமுகமாகிறார். போர் முடிந்தது என்ற சொல்லைக் கேட்டவுடன் உடம்பு அதை நம்பிவிடாது என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காதலன் பிரியாரியோஸ் இயந்திர உடலோடு எதிரில் வந்து நிற்பதும் அந்தப் போரின் மிச்சந்தான்.

நினைவு விடயத்திலும் ‘அப்பிள்சீட்’ இளைத்ததல்ல. தாய் கொல்லப்பட்ட மறந்துபோன காட்சி டியூனனுக்குத் திரும்புகிறது. ஆனால் அந்த நினைவின் வழியே கிடைக்கும் தரவைத் தங்கள் திட்டத்துக்குப் பயன்படுத்தவே ஆளும் முதியோர் காத்திருக்கிறார்கள். குசனாகி தன் நினைவு பொய்யோ என்று ஐயுறுகிறார். டியூனனோ மெய்யான நினைவாலேயே ஏமாற்றப்படுகிறார். எனக்கு இரண்டாவதுதான் கொடியதாகத் தோன்றுகிறது. முகங்கள் விறைப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நல்லூர் ஆசிரியை:
பிள்ளைகளுக்குத்தான் என்றால் ‘அப்பிள்சீட்’டையே போடுங்கள். மற்றதில் ஆடையற்ற உடலைக் காட்டும் காட்சிகள் உண்டு. பெற்றோருக்குப் பதில் சொல்வது உங்கள் பாடு. ஹொங்கொங்கை ஒத்த நகரத்தில் மழை பெய்ய, உரையாடலே இன்றி கென்ஜி கவாயின் இசை மட்டும் ஒலிக்கும் நீண்ட பகுதியில் பின்வரிசைப் பையன்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அதைப் பெரியவர்களுக்கு வேறொரு நாளில் வையுங்கள், நானும் வருகிறேன்.