டர்பனில் நர்ஸ் வேலை: சம்பளத்துக்கு முன்னால் ரோஸ்டரைக் கேளுங்கள்

டர்பனில் நர்ஸ் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்ட தங்கைக்கும், தென்னாப்பிரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. எங்கள் வார்டை விட்டு அயர்லாந்துக்கும் சவூதிக்கும் போனவர்களில் சிலர் பணத்துக்காகப் போனார்கள், சரி. மற்றவர்கள் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற டியூட்டிப் பட்டியல், தாங்காமல் போனார்கள்.

ஆட்கள் போகாமல் தக்கவைக்கத்தான் இங்குள்ள அரசு 2007இல் நர்ஸ்களுக்கென்று ஓஎஸ்டி என்ற தனிச் சம்பளத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சம்பளம் ஏறியது. ஆனால் வார்டில் ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் இடுப்பு ஒடியத்தான் செய்யும். ஒருத்தி போனால் அவள் ஷிஃப்ட் எல்லாம் மிச்சமிருப்பவர்கள் தலையில். கொஞ்ச நாளில் அவர்களிலும் ஒருத்தி போவாள். அந்த இடத்துக்கு ஏஜென்சி நர்ஸ், அதாவது தற்காலிகமாக ஆள் அனுப்பும் நிறுவனத்தின் நர்ஸ், வருவார். மருந்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து அவருக்குச் சொல்லித்தர வேண்டும், பாவம்.

அதனால் இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள். இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர்? அதில் நிரந்தர ஊழியர் எத்தனை பேர், ஏஜென்சி எத்தனை பேர்? ஐந்து வருடத்துக்கு மேல் அந்த வார்டில் இருப்பவர் யாராவது உண்டா? ரோஸ்டர் எத்தனை நாள் முன்னதாக ஒட்டுவார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலைநிலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஓவர்டைம் நீங்கள் சம்மதித்தால் மட்டும், அதுவும் வாரத்துக்கு 10 மணி நேரம் வரை. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் 12 மணி நேர ஓய்வு வேண்டும். இங்கே பெரும்பாலும் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஒரு ஷிஃப்ட். ஹேண்ட்ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) நீண்டால் அந்த ஓய்வில்தான் கை வைப்பார்கள், கவனியுங்கள். இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது: ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் இந்த நேரக் கட்டுப்பாடுகள் பொருந்தாது. அந்த வரம்பு அடிக்கடி மாறும். உங்கள் சம்பளம் அதற்கு மேலா கீழா என்று முதலில் பாருங்கள். மேலே என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இரவில் வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். இரவில் மினிபஸ் டாக்ஸியை நம்பி இருக்காதீர்கள்.

லீவு குறைந்தபட்சம் வருடத்துக்கு 21 நாள். அது தொடர்ச்சியான நாள் கணக்கு, சனி ஞாயிறும் அதில் அடங்கும். ஊருக்குப் போய் வரும் பயணத்திலேயே நாள் கரையும், பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பப் பொறுப்பு லீவு என்று மூன்று நாள் தனியாக உண்டு. ஆனால் அது குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதும், பெற்றோர், கணவர், உடன்பிறந்தவர் போன்றோர் இறந்தாலும்தான். ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் அதில் வராது. மாமியார், மாமனார் காரியத்துக்கும் வராது. நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய இடி. ஆண்டு லீவில் சில நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இங்கே பொது விடுமுறை கிடையாது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பப் பெண்கள் தமிழ் பேசாவிட்டாலும் காவடிக்கு விரதம் இருப்பதில் நம்மை மிஞ்சுவார்கள். ரோஸ்டர் தயாராகும் முன்பே அவர்கள் தங்களுக்கு வேண்டிய நாளைச் சொல்லி வைத்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டிசம்பர் 25, 26 நான் நிற்கிறேன், தீபாவளிக்கு நீ நில் என்று கிறிஸ்தவத் தோழியோடு பேசி வைத்தால் இருவருக்கும் நல்லது.

ஒரு தம்பி, லீவு நாளில் ஏஜென்சி ஷிஃப்ட் போகலாமா என்று கேட்டிருந்தார். இங்கே நிறையப் பேர் போகிறார்கள். உங்கள் விசாவில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் வேறிடத்தில் வேலை செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனை ஊழியர் என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். அனுமதி கிடைத்தாலும் முதல் வருடம் வேண்டாம் என்பேன். தூங்காத கை மருந்து அளவில் தவறும்.

கடைசியாக, நர்ஸ்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலின் ஆண்டுக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டிவிடுங்கள். பதிவு போனால் சட்டப்படி டியூட்டிக்கே போக முடியாது.