பொருள்: 'மாஸிவ் கேலக்ஸி கிளஸ்டர்' தமிழில் என்ன? (இன்றிரவுக்குள் வேண்டும்)

திருச்சி, காலை 7.40

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எட்டு பிளெக்ஸ் அடிக்கிறோம். ஏழு தயார். எட்டாவது 'எல் கோர்டோ' என்ற கேலக்ஸி கூட்டத்தின் படம். சிலியில் இருக்கும் அட்டகாமா தொலைநோக்கி கண்டுபிடித்தது. பிறகு சந்திரா, ஹபிள், வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாம் பார்த்துவிட்டன. 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி. 'மாஸிவ் கேலக்ஸி கிளஸ்டர்' என்பதற்கு 'பெரிய விண்மீன் பேரடைக் கூட்டம்' என்று போட்டேன். ஒரு மாணவன் "யார் பேசுறாங்க மிஸ்?" என்று கேட்டுவிட்டான். ஒரே வரிதான் இடம். இரவு எட்டுக்குள் அச்சகத்துக்குப் போகணும்.

கோவை, 8.15

கொத்து என்று போடுங்கள் அம்மா. குழு, கொத்து, பெருங்கொத்து என்று வரிசையும் அமையும். 1958-இல் வானியலாளர் ஏபெல் இவற்றுக்குப் பட்டியல் போட்டபோது, ஐம்பது பேரடையாவது இருந்தால்தான் தன் முக்கியக் கணக்கில் சேர்த்தார். சிறியவை குழு. 'விண்மீன்' வேண்டாம், விண்மீன் கொத்து என்றால் கார்த்திகை. 'பெரிய'வும் வேண்டாம். பேச்சு பருமனைப் பற்றியதல்ல, நிறையைப் பற்றியது. ஆகவே 'பெருநிறைப் பேரடைக் கொத்து'.

மதுரை, 9.30

பேரடையில் உள்ள அடை தேனடையின் அடை. அடைதல், செறிதல். அதிலேயே திரட்சி வந்துவிட்டது. மேலே கொத்து எதற்கு? கார்த்திகை என்றதும் நினைவு வருகிறது: அதற்கு ஆரல் என்று ஒரு பெயர். மணலில் புதைந்து கிடக்கும் மீனும் ஆரல்தான். மின் நீண்டு மீனானது என்று கொண்டால், ஆற்றிலிருந்து வானுக்குப் போனதா, வானிலிருந்து ஆற்றுக்கு வந்ததா? விரிவாக மாலையில் எழுதுகிறேன்.

கோவை, 9.42

ஐயா, எனக்குப் பேரடை என்றதும் அவியல்தான் ஞாபகம் வருகிறது. ஆரலை அப்புறம் பார்ப்போமே.

யாழ்ப்பாணம், 11.05

'பெருநிறை' எங்கள் பிள்ளைகளுக்குப் பிழையாகப் போகும். நீங்கள் நிறை என்பதை எங்கள் பாடநூல் திணிவு என்கிறது. எங்களுக்கு நிறை என்றால் நீங்கள் சொல்லும் எடை. கொத்து என்றாலோ இரவுக் கடையில் தகட்டில் அடிக்கிற ரொட்டி. 2020-இல் கொரோனா பரவியபோது, ஒரே இடத்திலிருந்து தொற்றினவர்களைச் சேர்த்துச் சொல்ல எங்கள் செய்திகளில் தினமும் வந்த சொல் 'கொத்தணி'. பாட்டிமாருக்கும் விளங்கியது. 'பெருந்திணிவுப் பேரடைக் கொத்தணி' என்று வையுங்கோ.

கோவை, 11.20

பேலியகொட மீன் சந்தைக் கொத்தணி நானும் படித்ததுதான். நோய்க்குப் பிறந்த சொல்லை வானத்துக்கு ஏற்றுவதா?

யாழ்ப்பாணம், 11.31

மீன் சந்தைக்குப் பொருந்தினது விண்மீனுக்குப் பொருந்தாதோ அண்ணை?

பெங்களூரு, பிற்பகல் 2.10

நான் இவற்றைத்தான் ஆய்வு செய்கிறேன், அதனால் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். கொத்தோ கொத்தணியோ, கேட்பவர் மனதில் பழங்கள்தான் நிற்கும். ஆனால் மொத்த நிறையில் பேரடைகளின் பங்கு சில விழுக்காடுதான். இடையில் பரவிய கொதிவாயு அதைவிடப் பல மடங்கு. எக்ஸ் கதிரில் சந்திரா பார்ப்பது அதைத்தான். மீதி, பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். எல் கோர்டோ இரண்டு கொத்துகள் மோதிக்கொண்டிருக்கும் இடம். அது பின்னால் இருக்கும் பேரடைகளின் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். 2014-இல் 3,000 இலட்சம் கோடி சூரியன்கள் என்றார்கள். 2021-இல் ஏறத்தாழ 2,100 இலட்சம் கோடி என்று குறைத்தார்கள். எனவே அம்மா, பிளெக்ஸில் எண் போட்டிருந்தால் ஆண்டையும் போடுங்கள். சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆய்வகத்தில் கிளஸ்டர் என்றே பேசுகிறோம்.

மதுரை, 2.25

அதைத்தான் சொல்லக் கூடாது தம்பி.

திருச்சி, இரவு 7.52

'பெருநிறைப் பேரடைக் கொத்து' என்றே அனுப்பிவிட்டேன். ஒரே சொல்லில் எல்லோரும் சேரவில்லை, எனக்கும் நேரம் இல்லை. கீழே சின்ன எழுத்தில் 'இலங்கை வழக்கு: பெருந்திணிவுக் கொத்தணி'. எல் கோர்டோ என்றால் ஸ்பானிய மொழியில் குண்டன் என்று வகுப்பில் சொன்னதிலிருந்து பிள்ளைகளுக்கு அது குண்டன்தான்.

யாழ்ப்பாணம், 8.04

சின்ன எழுத்துக்கு நன்றி டீச்சர். நான் வகுப்பில் கொத்தணி என்றே சொல்லுவன்.

திருச்சி, மறுநாள் காலை 9.15

பிளெக்ஸ் வந்தது. 'பெருநிறை பேரடை கொத்து' என்று இரண்டு ஒற்றையும் அச்சகத்தில் எடுத்துவிட்டார்கள். மாட்டியாகிவிட்டது.

மதுரை, 9.16

ஐயோ.