கார் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சப்வூஃபருக்குப் (பேஸ் ஸ்பீக்கர்) போட்டிருக்கும் மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்) பாடாய்ப் படுத்துகிறது. பேட்டரி வயரை மாட்டிய உடனே அதிலுள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ (பாட்டு சிக்னல் வரும் வயர்), ரிமோட் வயர் (ஆம்பை ஆன் செய்யும் வயர்) எல்லாவற்றையும் கழற்றிவிட்டாலும் அதே கதைதான். ஆகவே ஷார்ட் ஆம்புக்கு உள்ளேதான்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பவர் சப்ளை பக்கம் ஐஆர்எஃப் 3205 மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வரிசையில் ஒன்று ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள கேட் ரெசிஸ்டர் (மாஸ்ஃபெட்டின் கன்ட்ரோல் காலுக்குப் போவது) கருகி, கலர் கோடே தெரியவில்லை. மல்டிமீட்டர் வைத்தால் அதன் மற்ற இரு கால்களான டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே பீப் அடிக்கிறது, அதாவது ஷார்ட். ஆனால் பேரலல் இணைப்பு என்பதால் போர்டில் வைத்துப் பார்த்தால் அந்த வரிசை முழுக்கவே பீப் அடிக்கும், கழற்றித்தான் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் அனுபவம் வேண்டும். போனதை மட்டும் மாற்றினால் போதுமா, வரிசை முழுவதையும் ஒரே பேட்ச்சில் மாற்ற வேண்டுமா? மாஸ்ஃபெட்டுகளை இயக்கும் டிஎல் 494 கன்ட்ரோல் ஐசியையும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும், புது மாஸ்ஃபெட் போடும் முன்பே எப்படிச் சோதிப்பது? முதல்முறை பவர் கொடுக்கும்போது 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பை, கரண்ட்டைக் கட்டுப்படுத்த, சீரிஸில் போடலாம் என்றிருக்கிறேன், சரிதானே?

அப்புறம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரிஜினல் 3205 வாங்க எதைப் பார்த்து வாங்குவது? போலி நிறைய ஓடுகிறது. பெரிய ஃபியூஸாகப் போடு என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், வயர் பற்றிக்கொண்டால் காரே போய்விடும்.