புதுப்பிப்பு: ஜெர்மனியில் மின்சார நிறுவனம் மாற்றியாயிற்று

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: புது வீட்டில் எந்த ஒப்பந்தமும் போடாமலே கரண்ட் வந்தது, அப்புறம் ‘குருன்ட்ஃபெர்சோர்குங்’ என்று ஒரு கடிதம். கட்டணம் அதிகம், எப்படி மாறுவது?

அது, வேறு ஒப்பந்தம் போடாத வீடுகளுக்கு அந்த ஊரில் தானாகவே கிடைக்கும் அடிப்படை விநியோகம். சுவிட்சைப் போட்டதுமே ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நல்ல வேளை, இரண்டு வார நோட்டீஸில் விலகிவிடலாம்.

கைகொடுத்தது ‘போனஸ் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்’ என்ற யோசனைதான். செக்24, ஃபெரிவோக்ஸ் மாதிரி ஒப்பீட்டுத் தளங்களில் புது வாடிக்கையாளர் போனஸைக் கழித்த தொகை கண்ணைப் பறிக்கும், ஆனால் அது முதல் வருடத்தோடு சரி. போனஸையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த டிக்கை எடுத்ததும் வரிசையே தலைகீழானது. யூனிட் விலை, மாத அடிப்படைக் கட்டணம், 12 மாத விலை உறுதி, இவ்வளவும் பார்த்து ஒன்றைப் பிடித்தேன்.

விண்ணப்பிக்க மீட்டர் எண் வேண்டும். நிலவறையில் வரிசையாக மீட்டர்கள், எது நம்முடையது என்று எழுதியே இல்லை. சாவி வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாளில் மீட்டர் எண் இருந்தது. பழைய ஒப்பந்தத்தைப் புது நிறுவனமே ரத்து செய்துவிட்டது. கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை.

எதிர்பாராதது ஒன்று: 2025 ஜூன் முதல், குடியேறிய பிறகு புது நிறுவனத்தில் குடியேறிய தேதிக்கே முன்தேதியிட்டுப் பதிய முடியாது. அதனால் இடைப்பட்ட வாரங்களுக்கு அந்த விலையுயர்ந்த கட்டணத்தையே கட்டினேன். வீடு மாறுபவர்கள் சாவி வாங்குமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.